நாலாவது ஆளாக ஒரு கல்

அன்று அந்தக் காரில் இருந்தவர்கள் இவர்கள்தான்.

கபிலன். டென்மார்க்கில், பிராண்டேயில் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் இரவு வேலை. காரை ஓட்டியவன்.

நிரோஜினி. அவனுடைய மனைவி. கிரின்ஸ்டெட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. முன் இருக்கை.

யோகமலர். கபிலனின் தாய். எழுபது தாண்டியவர். பின் இருக்கை, வலப் பக்கம்.

ஒரு கல். பின் இருக்கை, இடப் பக்கம்.

இது நடந்த கதை. ஆட்களின் பெயர் வேறு, குன்றின் பெயர் வேறு. மற்றபடி எதையும் கூட்டவில்லை. பேய் என்றால் நடுச்சாமத்தில் வரும், வெள்ளை உடுத்தி வரும் என்று காத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடையாது. இதில் எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது. வெளிச்சத்தில் நடந்ததுதான் நிரோஜினியால் இன்றுவரை தாங்க முடியாமல் இருக்கிறது.

கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று பேராக ஒரு பயணத்துக்குப் புறப்படக் கூடாது என்பது யாழ்ப்பாணத்து ஆட்களிடம் உள்ள பழக்கம். போனால் காரியம் கெட்டுவிடும். தட்டமுடியாமல் மூன்று பேர் போக வேண்டி வந்தால் வாசலில் ஒரு கல்லைப் பொறுக்கி, அதை நாலாவது ஆளாகக் கணக்கில் சேர்த்துக் கூட்டிப்போவார்கள். திரும்பி வந்ததும் எடுத்த இடத்தில் போட்டுவிடுவார்கள். யோகமலர் கடைக்குப் போனாலும் இதைச் செய்வார். அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். அதனால் காரில் எப்போதும் ஒரு கல் கிடந்தது. பதினொரு வருடமாக நிரோஜினிக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பதினொரு வருடம். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் டெனிஷ் கிழவிகளுக்குப் பம்பர்ஸ் மாற்றி, குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, மூன்றரைக்கு வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு கிழவி சமையலறையில் நின்றுகொண்டு, "பிள்ளை, வெந்தயத்தை எங்க வைச்சனி?" என்று கேட்பார். வேலையிலும் கிழவி, வீட்டிலும் கிழவி. யோகமலர் கெட்டவர் அல்ல. சண்டை பிடிக்கத் தெரியாதவர். அதுதான் நிரோஜினிக்கு இன்னும் எரிச்சல். சண்டை பிடித்திருந்தால் துரத்தியிருக்கலாம்.

துரத்த முடியாததால் வேறு வழி பார்த்தாள்.

அவளுக்கு அந்தத் தொழில் தெரியும். எந்தக் கிழவிக்கு இல்லத்தில் இடம் கிடைக்கும், எந்தக் கிழவிக்குக் கிடைக்காது என்பது தெரியும். ஆவணி முடிவில் கொம்யூனிலிருந்து, நகரசபையிலிருந்து, ஒரு பெண் வந்தாள். முதியவர்களைப் பார்த்து மதிப்பிட்டு, இடம் கொடுக்கலாமா என்று சொல்பவள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டபோது, தேவையில்லை, நானே இந்த வேலைதான் செய்கிறேன் என்று நிரோஜினி சொன்னாள். யோகமலருக்கு டெனிஷில் நன்றி சொல்லத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

"இது எந்த மாதம் என்று கேளுங்கள்," என்றாள் வந்தவள்.

நிரோஜினி மாமியின் பக்கம் திரும்பினாள். "மாமி, நீங்கள் டென்மார்க்குக்கு எந்த மாசம் வந்தனீங்கள்?"

"மாசியில. நல்ல பனி கொட்டேக்க," என்றார் யோகமலர்.

"பெப்ரவரி என்கிறார்," என்றாள் நிரோஜினி, டெனிஷில்.

வந்தவள் எழுதிக்கொண்டாள்.

அது போதாதென்று நிரோஜினி மூன்று பொய்யும் சொன்னாள். அடுப்பைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார். வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு எங்கேயோ நடந்து போய்விடுகிறார். விடியற்காலையில் எங்கள் கட்டிலடியில் வந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், யார் என்றே தெரியவில்லை. மூன்றாவதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கக்கூட வந்தது. கபிலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். யோகமலர் வந்தவளுக்குத் தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்து, பேச்சு நடந்த நேரம் முழுக்கச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் அனுமதி வந்தது. பிராண்டேயில், மறதிநோய்க்காரருக்கான பகுதி. நம்பர் அடித்தால் மட்டும் திறக்கும் கதவு.

"அம்மாவுக்கு நீயே சொல்லு," என்றான் கபிலன்.

"உங்கட அம்மா. நீங்கள் சொல்லுங்கோ."

"வீட்டில வைச்சு வேண்டாம். எங்கயாவது கூட்டிக்கொண்டு போய், சாப்பிடக் குடுத்து, ஆறுதலாச் சொல்லுவம்."

யோகமலர் அந்த நாட்டில் ஆசையாகக் கேட்டது ஒன்றுதான். டிவியில் ஒருமுறை ஒரு பழைய கோட்டையைக் காட்டினார்கள். "ராசா இருந்த வீட்டை ஒருக்காப் பாக்க வேணும்," என்றார். அதைச் சொல்லி நாலு வருடம். இப்போது கபிலனுக்கு நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் புறப்பட்டார்கள். யோகமலர் வாசலில் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, துடைத்து, தன் பக்கத்து இருக்கையில் வைத்தார். நிரோஜினி பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்கு மட்டும்தானே.

கிழக்குக் கரைக்கு இரண்டு மணி நேர ஓட்டம். வழியில் ஒரு பழைய கிராமத்தில் நிறுத்தினார்கள். மரச்சட்டம் போட்ட வீடுகள், வைக்கோல் கூரை, வெள்ளை அடித்த கிறிஸ்தவக் கோயில். யோகமலர் கோயில் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "எத்தினை வருசம் இருக்கும்?"

"எண்ணூறு," என்றான் கபிலன்.

"அப்ப கட்டின ஆக்கள் எல்லாம் செத்திருப்பினம், என்ன?"

"இல்லை மாமி, உங்களைப் பாக்கவெண்டு காத்துக்கொண்டு நிக்கினம்," என்றாள் நிரோஜினி. யோகமலர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் கபிலன் பிறகு அடிக்கடி நினைப்பான்.

ஸ்கார்ஹொய் கோட்டை ஒரு குன்றின் மேல் இருக்கிறது. டென்மார்க்கில் குன்று என்றால் நம் ஆட்கள் சிரிப்பார்கள். ஒரு பாட்டுப் பாடி முடிப்பதற்குள் ஏறிவிடலாம். மேலே அரைக் கோபுரமும் ஒரு நீளச் சுவரும்தான் மிச்சம். சுற்றி அகழி, அதில் பச்சைத் தண்ணீர். அப்பால் கடல். ஆள் அரவம் இல்லை. காற்று மட்டும் காதை அறுத்தது.

சுவரில் ஒரு இடத்தில், ஆள் உட்காரக்கூடிய அளவுக்கு உள்வாங்கிய மாடம் ஒன்று இருந்தது. அங்கே காற்று இல்லை. யோகமலரை அதற்குள் உட்கார வைத்துப் பெட்டிகளைத் திறந்தார்கள். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி. கபிலன் வெளியே நின்று கடலைப் பார்த்தான். கூழாங்கல்லை யோகமலர் தன் மடியருகே வைத்திருந்தார். கபிலன் அதை எடுத்துக் கையில் உருட்டினான். உருட்டிக்கொண்டே இருந்தான்.

கடைசியில் நிரோஜினியே சொன்னாள்.

யோகமலர் வாயில் இருந்த புட்டை மென்று விழுங்கினார். அவசரப்படவில்லை.

"அங்க என்னோட ஆர் இருப்பினம்?"

"நிறையப் பேர் இருக்கினம் மாமி. உங்கட வயசு ஆக்கள்."

"அவையின்ர பாசை எனக்குத் தெரியாதே, பிள்ளை."

"அவைக்கும் ஒண்டும் ஞாபகம் இல்லை. பாசை என்னத்துக்கு?"

"கதவு பூட்டியிருக்குமோ?"

"பாதுகாப்புக்குத்தான், அம்மா," என்றான் கபிலன். முதல் தடவையாக அப்போதுதான் பேசினான். பேசிய வேகத்தில் கையில் இருந்த கூழாங்கல்லை வீசினான். ஏன் வீசினான் என்று அவனுக்கே தெரியாது. அது அகழியில் விழுந்தது. பொளக் என்று ஒரு சத்தம்.

யோகமலர் அந்தச் சத்தம் வந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைக் கடதாசியால் துடைத்து மூடினார். "சரி," என்றார்.

அழவில்லை. கெஞ்சவில்லை. அது இருவருக்கும் ஆறுதலாக இருந்தது.

புறப்படும்போதுதான் பிரச்சினை. யோகமலர் எழும்பவில்லை.

"மூண்டு பேராப் போகக் கூடாது. வரேக்க நாலு பேராத்தானே வந்தனாங்கள்."

"அம்மா, அது ஒரு கல்லு."

"நீதான் எறிஞ்சனி, ராசா. இன்னொண்டு பாத்து எடு."

கபிலன் குனிந்து தேடினான். புல்லும் ஆட்டுப் புழுக்கையும்தான் கிடந்தன. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நிரோஜினிக்குப் பதினொரு வருடத்துக் கோபமும் ஒன்றாகத் தலைக்கேறியது. மாடத்துக்குள் கையை நீட்டி, யோகமலரின் தலைக்கு மேலே, பின்சுவரில் தெரிந்த ஒரு கல்லைப் பிடித்து இழுத்தாள். கோபத்தில் இழுத்தாளே தவிர, அது வரும் என்று நினைக்கவில்லை.

வந்தது. ஆடுகிற பல் வருவதுபோல, ஒரு சின்ன முனகலோடு வந்தது. இரண்டு கைப்பிடி அளவு. ஒரு பக்கம் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கல் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. அதற்குள்ளிருந்து காற்று வந்தது. ஈரக் காற்று அல்ல. அடுப்பில் வைத்த கஞ்சியின் மணம்.

நிரோஜினி அதைக் கவனித்தாள். கோபத்தில் விட்டுவிட்டாள்.

"இந்தாங்கோ, உங்கட நாலாவது ஆள்!" கல்லை இரு கைகளாலும் ஏந்தி, கலியாண வீட்டு வாசலில் நிற்பவள்போல் குனிந்தாள். "வாங்கோ, வாங்கோ. வீட்டை வாங்கோ. கார் கீழ நிக்குது, வந்து ஏறுங்கோ!"

கபிலன் சிரித்துவிட்டான்.

யோகமலர் சிரிக்கவில்லை. மருமகளைப் பார்த்தார். மருமகளின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு எழும்பி, சற்று ஒதுங்கி நின்றார். யாருக்கோ வழி விடுவதுபோல.

காரில் கல்லைப் பின் இருக்கையில் போட்டார்கள். கபிலன் காரை எடுத்தான்.

டிங். டிங். டிங்.

பின் இருக்கை பெல்ட் மணி. இடப் பக்கம்.

"கல்லின்ர பாரம்," என்றான் கபிலன். சொன்ன பிறகுதான் யோசித்தான். அதே இருக்கையில் ஐந்து கிலோ அரிசிப் பை வைத்துக்கொண்டு வருவது வழக்கம். மணி ஒருநாளும் அடித்ததில்லை.

யோகமலர் கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டினார். பெல்ட்டின் கொழுவி பூட்டில் விழுந்தது. மணி நின்றது. கல் இருக்கையில் கிடந்தது. பெல்ட் அதன் மேல் கிடக்கவில்லை. அதற்கு மேலே, ஒரு முழ உயரத்தில், முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது.

இதை நிரோஜினி கண்ணாடியில் பார்த்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

யோகமலர் தன் பக்கத்துக் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஏன் அப்பிடி ஒதுங்கி இருக்கிறியள்?"

"இடம் காணாதாம்."

கபிலன் காரின் வேகத்தைக் கூட்டினான்.

கொஞ்ச தூரம் போனதும் யோகமலர் சொன்னார். "ஹீட்டரைக் கூட்டட்டாம். குளிருதாம்."

"மாமி, விசர்க்கதை கதைக்காதேங்கோ!"

இடப் பக்கத்துப் பின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வட்டமாக. மற்ற மூன்று கண்ணாடிகளும் தெளிவாக இருந்தன. வட்டம் சுருங்கியது. பெருத்தது. சுருங்கியது... பெருத்தது...

நெடுஞ்சாலை ஓரத்துப் பெற்றோல் நிலையத்தில் கபிலன் இறங்கிப் போனான். மூன்று கோப்பி கேட்டான். கடையில் நின்ற பெண்பிள்ளை நாலு கோப்பையை வைத்தாள்.

"மூன்று," என்றான் கபிலன்.

அந்தப் பெண் கண்ணாடிக்கு வெளியே காரைப் பார்த்தாள். "பின்னால் இரண்டு பாட்டிகள் இருக்கிறார்களே. ஒருவருக்கு வேண்டாமா?"

கபிலன் நாலையும் வாங்கிக்கொண்டு வந்தான். நிரோஜினியிடம் இதைச் சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் நிரோஜினி கல்லைத் தோட்டத்து வேலியோரம் போட்டாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

புதன்கிழமை. வேலை முடிந்து வந்தாள். கபிலன் தாயை வைத்தியரிடம் கூட்டிப்போயிருந்தான். வீடு வெறுமையாக இருந்தது. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரம் இல்லை. மின்அடுப்பின் தட்டு மட்டும் செக்கச் சிவப்பாக. அணைத்தாள். கபிலனுக்குப் போன் அடித்தாள்.

"அம்மா காலையில் இருந்து என்னோட நிக்கிறா. நான்தான் கடைசியா வீட்டைப் பூட்டினது. அப்ப அடுப்பு அணைஞ்சிருந்தது, நிரோ."

சமையலறையில் கஞ்சி மணம்.

வெள்ளிக்கிழமை. வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே இலைச் சருகுகள். யோகமலர் தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்.

"மாமி, நீங்களே கதவைத் திறந்தது?"

"நான் ஏன் பிள்ளை திறக்கிறன்?" என்றார். "அவ வெளிக்கிட்டுப் போறவ. பிறகு வாறவ."

"எவ?"

யோகமலர் கண்ணை மூடிக்கொண்டார். பாடலை விட்ட இடத்திலிருந்து பாடினார்.

அடுப்பு. கதவு.

நிரோஜினிக்கு மூன்றாவது பொய் நினைவுக்கு வந்தது. அன்று முழுக்க அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

திங்கட்கிழமை விடியல். கபிலன் வேலையால் வந்து பக்கத்தில் படுத்திருந்தான். திரைச்சீலை ஓரம் வெளுத்திருந்தது. கட்டிலடியில் யாரோ நின்றார்கள்.

குனிந்த தோள். போர்த்திய தலை.

"மாமி," என்றாள் நிரோஜினி, அரைத் தூக்கத்தில். "போய்ப் படுங்கோ."

உருவம் அசையவில்லை.

"மாமி..."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யோகமலர் தொண்டையைச் செருமினார். குளியலறையில்.

கட்டிலடியில் நின்றது குனிந்தது.

நிரோஜினியின் கால் விரலைத் தொட்டது.

கல்லின் குளிர்.

கண்ணை இறுக்கிக்கொண்டாள். திறக்கும்போது யாரும் இல்லை. கம்பளத்தில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் கிடந்தது. வேலியோரம் போட்ட கல், கட்டிலுக்குக் கீழே இருந்தது.

அன்று கொம்யூனுக்குப் போன் அடித்து, அடுப்பு எரிந்தது, கதவு திறந்து கிடந்தது, விடியலில் கட்டிலடியில் ஆள் நின்றது, மாமியைச் சீக்கிரம் எடுங்கள் என்றாள். இப்போது சொன்னதில் பொய் இல்லை. எல்லாம் நடந்தது. செய்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவளுடைய கணக்கு இதுதான்: கல்லை மாமியே கேட்டார், ஆகவே ஆள் மாமியின் ஆள். மாமி போகும்போது அதையும் அனுப்பிவிட்டால் வீடு துப்புரவாகிவிடும்.

அந்த நாளும் வந்தது. யோகமலர் நல்ல சேலை உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு புறப்பட்டார். காரில் பெல்ட் மணி அடிக்கவில்லை. ஏறியவுடன் யோகமலரே இரண்டு பெல்ட்டையும் மாட்டிவிட்டார். கல் அவருடைய சூட்கேசுக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்தது. நிரோஜினி அவருக்குத் தெரியாமல் வைத்தது.

பிராண்டே இல்லத்தில் மாக்கிரட் என்ற பெண் அவர்களை வரவேற்றாள். அறுபதை நெருங்கியவள், பெரிய கை, பெரிய சிரிப்பு. கதவில் நம்பரை அடித்து உள்ளே கூட்டிப்போனாள். கபிலன் அறையைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான், தாயைப் பார்க்கவில்லை. "காரை எடுத்து வைக்கிறன்," என்று வெளியே போய்விட்டான். அவனுக்கு அன்று இரவு வேலை. நிரோஜினிக்கு அது அப்போதுதான் உறைத்தது. இன்றிரவு வீட்டில் தனியே.

மாக்கிரட் சேலைகளை எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். கை நின்றது. கல்லைத் தூக்கிப் பார்த்தாள். சுண்ணாம்பு ஒட்டிய பக்கத்தை விரலால் தடவினாள்.

"இது எங்கே கிடைத்தது?"

நிரோஜினி இடத்தைச் சொன்னாள். குன்று, சுவர், மாடம்.

மாக்கிரட் சிரித்தாள். "நான் அந்த ஊர்க்காரி. அந்த மாடத்திலிருந்து யாரும் கல் எடுக்க முடியாது. பள்ளிக்கூட நாளில் நாங்கள் எல்லோரும் இழுத்துப் பார்த்திருக்கிறோம். பையன்கள் கடப்பாரை கொண்டுவந்து பார்த்தார்கள். கடப்பாரை வளைந்தது."

"ஏன் இழுத்தீர்கள்?"

"கதை இருக்கிறதே." மாக்கிரட் கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்கு இது பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. "கோட்டை கட்டும்போது சுவர் விழுந்துகொண்டே இருந்ததாம். யாருக்கும் தேவைப்படாத ஒரு உயிரை உள்ளே வைத்தால் நிற்கும் என்று சொன்னார்களாம். கல் கட்டுகிறவன் ஒருவனுக்கு ஒரு தாய். ஒருநாள் மகனும் மருமகளும், கோட்டை பார்க்கலாம் வா என்று கிழவியைக் கூட்டிப்போனார்கள். மாடத்தில் உட்கார வைத்துச் சூடாகக் கஞ்சி கொடுத்தார்கள். மாடம் அப்போது இன்னும் ஆழமாம்; அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு முன்னால் சுவரை எழுப்பினார்கள். முகத்துக்கு நேரே ஒரு கல் மட்டும் பாக்கி. மகனுக்குக் கை வரவில்லை. கடைசிக் கல்லை வைத்தது மருமகள்."

நிரோஜினி அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கிழவி அழவில்லையாம். எப்போது என்னை வீட்டுக்குக் கூப்பிடுவாய் என்று மட்டும் மருமகளிடம் கேட்டாளாம்." மாக்கிரட் கல்லை நிரோஜினியின் கையில் வைத்தாள். "எல்லாம் கதை. ஆனால் இதை இங்கே வைக்க முடியாது. மறதிக்காரர் காலில் போட்டுக்கொள்வார்கள். கொண்டு போய்விடுங்கள்."

கதவடிக்கு வந்தார்கள். மாக்கிரட் நம்பரை அடித்துத் திறந்து விட்டாள். வேறு அறையிலிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டாள். நிரோஜினி கதவுக்கு வெளியே நின்றாள். யோகமலர் உள்ளே, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமி, இது உங்களோட இருக்கட்டும்." நிரோஜினி கல்லை நீட்டினாள்.

"எனக்கு என்னத்துக்கு? இஞ்ச நிறையப் பேர் இருக்கினம் எண்டு நீதானே சொன்னனி."

"உங்கட ஆள்தானே, மாமி..."

"என்ர ஆளை உன்ர மனுசன் தண்ணிக்குள்ள எறிஞ்சிட்டான்," என்றார் யோகமலர். குரலில் கோபம் இல்லை. "இவவை நான் கூப்பிடேல்லை. வீட்டை வாங்கோ எண்டு குனிஞ்சு கூப்பிட்டது நீ."

நிரோஜினியின் போன் அடித்தது. கபிலன்.

"நிரோ, அம்மாவைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்திட்டியே?"

"இல்லை. அம்மா இஞ்ச, எனக்கு முன்னால..."

"அப்ப பின்னால ஏறினது ஆர்? கதவு அடிச்சுச் சாத்தின சத்தம் கேட்டது. பெல்ட் மணி அடிக்குது..."

டிங்.

போனுக்குள் கேட்டது.

டிங்.

கல் நிரோஜினியின் கையில்தான் இருந்தது.

"நான் திரும்பிப் பாக்கேல்லை," என்றான் கபிலன். குரல் சிறுத்துப்போயிருந்தது. "கெதியா வா, நிரோ."

டிங்.

"மாமி." நிரோஜினி கதவுக்குள் ஒரு காலை வைத்தாள். "மாமி, நான் கொஞ்ச நேரம் உள்ளுக்கு வாறன். இண்டைக்கு மட்டும்... மாமி, வீட்டை வாங்கோ. நான் கொம்யூனோட கதைக்கிறன்..."

யோகமலர் குனிந்து, மருமகளின் காலை மெதுவாக வெளியே எடுத்து வைத்தார். குழந்தையின் காலை எடுத்து வைப்பதுபோல.

"அவ போய் ஏறி இருந்திட்டா. கன நேரம் காக்க வைக்காதை."

"மாமி!"

"ஒண்டு மட்டும் ஞாபகம் வைச்சிரு, பிள்ளை. நான் இல்லாட்டி இப்ப நீங்கள் மூண்டு பேர்." யோகமலர் சிரித்தார், அந்தக் கிராமத்துக் கோயில் சுவரடியில் சிரித்த அதே சிரிப்பு. "வழியில ஒரு கல்லைப் பாத்து எடுங்கோ."

தன் கையாலேயே கதவை இழுத்தார். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.